சொதி விருந்தில் ஒத்துப்போன மூன்று சாட்சிகள்

1

நவம்பர் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரைக்கு எழுந்தேன். வெளியே குளிர், மழை இல்லை. காபி போட்டேன். வாரத்துக்கான ஐந்து சட்டைகளையும் இஸ்திரி போட்டு, திங்கள் முதல் வெள்ளி வரை வரிசையாக மாட்டினேன். காலிப் பாட்டில்களை வெள்ளை, பச்சை, பழுப்பு என்று மூன்று பைகளாகப் பிரித்தேன். கொண்டுபோய்ப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி உடையும் சத்தம் இங்கே யாருக்கும் ஆகாது. இந்த ஒழுங்கெல்லாம் நெதர்லாந்து எனக்குக் கற்றுக்கொடுத்தது என்று வருகிற விருந்தாளிகளிடம் சொல்வேன். என் மனைவி செல்வி மறுப்பாள். கல்யாணமான வாரத்திலேயே அஞ்சறைப் பெட்டிக்கு உள்ளே பெயர்ச்சீட்டு ஒட்டியவர் இவர் என்பாள்.

ஐசல் ஆற்றங்கரையில் இருக்கிற டெவென்டர் என்ற இந்த ஊருக்கு நாங்கள் வந்து இறங்கி இன்றோடு பதினான்கு வருடம். ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் நான் சொதி வைப்பேன். திருநெல்வேலிக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, காய்கள், கடைசியில் எலுமிச்சை, புளியும் மிளகாய்ப்பொடியும் படாத வெளுத்த குழம்பு. கூட இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் இருக்க வேண்டும். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் பெண்வீட்டார் போடுகிற விருந்து இதுதான். இங்கே தேங்காய்ப்பால் டப்பாவிலும் முருங்கைக்காய் பனிக்கட்டியாகவும் கிடைக்கின்றன.

செல்விக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் ஞாயிறு பணி. நானும் மகள் உமாவும் மட்டும் சாப்பிட உட்கார்ந்தோம். உமா இங்கே வந்தபோது இரண்டு வயது. இப்போது அவள் கனவுகூட டச்சு மொழியில்தான் காண்கிறாள் என்று சந்தேகம். கேட்டால், கனவு சொந்த விஷயம் என்பாள். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் கைபேசி.

"அத்தையோட நாத்து காஞ்சு போச்சாம்" என்றாள்.

"யார் சொன்னா?"

"அத்தைதான். வாய்ஸ் மெசேஜ் போட்டாங்க. படமும் இருக்கு."

"உனக்கு எதுக்கு அத்தை வாய்ஸ் மெசேஜ் போடணும்?"

"தினமும் போடுவாங்களே."

படத்தைக் காட்டினாள். என் அக்கா கோமதியின் நாற்றங்கால். ஓரத்தில் வெடிப்பு. நாற்றின் நுனி பழுத்திருந்தது. மழை இன்னும் பிடிக்கவில்லை என்று ஊரில் இருக்கும் சிதம்பரம் அண்ணாச்சி சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது.

"பழைய படமா இருக்கும். அந்தத் தண்ணிச் சண்டையெல்லாம் தீர்ந்துபோச்சு" என்றேன்.

"தீர்ந்துபோச்சுன்னு நீங்கதான் எழுதிக் குடுத்திருக்கீங்களாம். செவ்வாய்க்கிழமை வாய்க்காலைப் பார்க்க இன்ஜினியர் வர்றாராம். சிதம்பரம் பெரியப்பா அவர்கிட்ட அந்தப் பேப்பரைக் காட்டப் போறாராம். தண்ணி முறையை மாத்தச் சொல்லி அத்தை குடுத்த மனு அதோட போச்சுங்கறாங்க. அதுல யுனிவர்சிட்டி முத்திரை இருக்குல்லா?"

பதினாறு வயதில், நெல்லை மண்ணை ஐந்து தடவை மிதித்தவள் வாயில் அந்த 'லா' எப்படி வந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. சொதியில் எலுமிச்சை கொஞ்சம் கூடிவிட்டது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

2

அந்தத் தாள் என்ன என்று சொல்ல, நான் செய்கிற காரியத்தைச் சொல்ல வேண்டும்.

பிழைப்புக்கு ஒரு பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு. கூடவே, ரயிலில் போகிற தூரத்தில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேர ஆய்வு, சமூக அறிவியலில். ஐம்பது வயதில் சிலர் மோட்டார் சைக்கிள் வாங்குகிறார்கள், சிலர் தலைக்குச் சாயம் பூசுகிறார்கள். எனக்கு இப்படி வந்தது.

ஆய்வின் வகைக்கு நேர்வு ஆய்வு என்று பெயர். நூறு ஊருக்குப் போய் ஊருக்கு ஒரு கேள்வி கேட்பதற்குப் பதிலாக, ஒரே ஊரில் நடந்த ஒரே விஷயத்தை நூறு கேள்வி கேட்பது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் போவதற்கு முன்பே வடிவமைக்க வேண்டும். எந்த நேர்வு, ஏன் அதுவே? அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? யாரைக் கேட்பது? ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு எப்படி ஒத்துப் பார்ப்பது? நான் நினைக்கும் காரணம் தவிர வேறு காரணம் இருந்தால்? இவற்றுக்கு விடை தெரியாமல் பஸ் ஏறக்கூடாது என்பது இந்தத் துறையின் பாலபாடம். நான் விமானமே ஏறிவிட்டேன்.

நேர்வு: எங்கள் ஊர் வாய்க்கால். அம்பாசமுத்திரத்துக்கும் ஆழ்வார்குறிச்சிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். பெயரை எழுத மாட்டேன். பெயர் மறைப்பு ஆய்வு விதி. எங்கள் பக்கத்தில் இதைப் படிக்கிற எல்லோருக்கும் எந்த ஊர் என்று இந்நேரம் தெரிந்திருக்கும். வாய்க்காலின் தலைப்பகுதி மேமடை. அங்கே இப்போது வாழை. கடைசிப் பகுதி கடைமடை; அங்கே இன்னும் நெல். தண்ணீர் குறைந்த ஒரு பருவத்தில் இரண்டு பக்கமும் மண்வெட்டியோடு கரையில் நின்றார்கள். பிறகு வாய்க்கால் சங்கம் கூடியது. வாரத்தில் நாலு நாள் மேமடைக்கு, மூன்று நாள் கடைமடைக்கு என்று முறை வைத்துப் பிரித்தார்கள். போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை.

இதைக் கேட்டதும் என் வழிகாட்டிக்கு முகம் மலர்ந்தது. அவருடைய நாடே தண்ணீரோடு ஒப்பந்தம் போட்டுப் பிழைக்கிற நாடு. ஏன் இந்த நேர்வு என்பதற்கு முன்வரைவில் மூன்று காரணம் எழுதினேன். ஆய்வு விடுப்பில் ஊருக்குப் போகலாம் என்ற நாலாவது காரணத்தை எழுதவில்லை.

ஆய்வுக் கேள்வியை இரண்டு குளிர்காலம் செதுக்கினேன்: 'ஒரு தண்ணீர்த் தகராறு சுமுகமாகத் தீர்ந்தது எப்படி?' அதில் 'சுமுகமாக' என்ற சொல்லை ஏழெட்டு தடவை எடுத்துப் போட்டேன். 'தண்ணீர்த் தகராறா, பாசனத் தகராறா' என்று ஒரு வாரம் தூங்கவில்லை. 'தீர்ந்தது' என்ற சொல் மட்டும் முதல் நாள் வந்து உட்கார்ந்ததுதான். அதை எழுந்திரு என்று நான் சொல்லவே இல்லை.

கால எல்லையையும் துல்லியமாக வரைந்தேன். சண்டை தொடங்கிய நாள் முதல் கூட்டம் முடிந்த நாள் வரை. ஆக, கூட்டம் முடிந்த மறுநாளிலிருந்து வாய்க்காலில் என்ன ஓடியது என்பது என் ஆய்வுக்கு வெளியே. அட்டவணையில் அந்தக் கட்டம் மிக அழகாக இருந்தது. வழிகாட்டிகூட அதைப் பாராட்டினார்.

3

வழிகாட்டி என்னைவிட இளையவர். தன்னை 'நீ' என்று சொல்லச் சொல்கிறார். டச்சு மொழியிலும் 'நீ', 'நீங்கள்' உண்டு. ஆனால் 'நீங்கள்' என்றால் அவருக்கு எட்டித் தள்ளிவைத்த மாதிரி இருக்கிறதாம். எனக்கோ வாத்தியாரை 'நீ' என்று சொல்ல வாய் வரவில்லை. எனவே இரண்டு வருடமாக அவரிடம் யாரையும் குறிக்காத வாக்கியங்களில் பேசுகிறேன். 'கட்டுரை படிக்கப்பட்டதா?', 'காபி குடிக்கப்படுமா?' என் டச்சு மொழி சட்டப் புத்தகம் மாதிரி இருப்பதாக உமா சொல்கிறாள்.

இப்படி மரியாதையில் நுணுக்கம் பார்க்கிற நான், நெறிமுறைப் படிவத்தில் கோட்டை விட்டேன். தகவல் தருபவர் யாராவது ஆய்வாளரின் நெருங்கிய உறவினரா என்று ஒரு கேள்வி. நெருங்கிய உறவு என்றால் பெற்றோர், துணை, பிள்ளைகள், உடன்பிறந்தார். அவர்களிடம் பேட்டி எடுத்தால் சார்பு வந்துவிடும். கோமதி அக்கா உடன்பிறந்தவள், பட்டியலிலிருந்து அடித்தேன். சங்கத் தலைவர் சிதம்பரம் அண்ணாச்சி என் பெரியப்பா மகன். பெரியப்பா மகனுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருச்செந்தூர்க் கடலில் முக்கி எடுத்தவர், என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர், படிவத்தின்படி 'அறிமுகமானவர்'. நானும் நிம்மதியாக அப்படியே எழுதினேன். அவர் தகவலாளர் ஒன்று ஆனார்.

கடைமடைப் பிரதிநிதியாகச் சங்கச் செயலாளர். அவர் மகனுக்கும் அண்ணாச்சி மகளுக்கும் அப்போது கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் படிவம் நிரப்பிய அன்று அவர் இன்னும் சம்பந்தி ஆகவில்லை. தேதிக் கணக்கில் நான் தவறியதில்லை. அவர் தகவலாளர் இரண்டு. நடுநிலைச் சாட்சியாக, பாளையங்கோட்டையிலிருந்து எங்கள் ஊருக்குத் தலைமையாசிரியராக வந்து ஓய்வுபெற்று அங்கேயே தங்கிவிட்ட தேவசகாயம் சார். வயல் கிடையாது, ஊரில் உறவும் கிடையாது. கூட்டத்துக்கு அவரைத்தான் நடுவில் உட்கார வைத்தார்கள். தகவலாளர் மூன்று.

எண் கொடுப்பதைப் பற்றி அண்ணாச்சியிடம் விளக்கியபோது அவருக்குப் பிடிக்கவில்லை. "எனக்குப் பேரே கிடையாதாலே? ஜெயில்லதான் நம்பர் குடுப்பான்" என்றார். ஒன்றாம் எண் அவருக்குத்தான் என்று சொன்ன பிறகு சமாதானமானார்.

4

போன ஜூலையில் ஒத்திகைப் பேட்டிகளுக்காக ஊருக்குப் போனேன். நேர்வு ஆய்வில் இது முக்கியம்: முழு ஆய்வுக்கு முன் இரண்டு மூன்று பேரிடம் கேள்விகளைப் போட்டுப் பார்த்து, எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. அந்த வாரம் அண்ணாச்சி மகள் கல்யாணமும் வந்தது. மறுநாள் சொதி விருந்தில் பெண்ணுக்குச் சித்தப்பா முறையில் எனக்கு வறுவல் பரிமாறும் வேலை கொடுத்தார்கள். செய்தேன். அடுத்த மூன்று நாளில் மூன்று பேட்டி.

மூவரையும் தனித்தனியாக, தனித்தனி இடத்தில் பார்த்தேன். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் நான் மூச்சுவிடவில்லை. ஆனாலும் மூவரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: "ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தோம், இப்ப ஊரு ஒத்துமையா இருக்கு." அச்சாக அதே வாக்கியம். எனக்குப் புல்லரித்தது. மூன்று பிரதிகளிலும் அந்த வரியை மூன்று நிறத்தில் கோடிட்டேன். வழிகாட்டி படித்துவிட்டு, "அசாதாரணமான ஒற்றுமை" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அன்று மாலை கேக் வாங்கி வந்தேன்.

பேசியவர்களுக்கு ஆய்வின் சுருக்கத்தை அவர்கள் மொழியில் அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆய்வு முடிந்த பிறகு அனுப்பினால் போதும். நான் ஆகஸ்டிலேயே அனுப்பினேன். பல்கலைக்கழக முத்திரைத் தாளில், ஒரு பக்கம், நல்ல தமிழில். 'ஊர் அ-வில் நீர்ப் பங்கீட்டுத் தகராறு சுமுகமாகத் தீர்ந்துள்ளது என்பதை மூன்று தனித்த சான்றுகள் உறுதி செய்கின்றன' என்பது அதன் முதல் வரி. 'தனித்த' என்ற சொல்லை அடிக்கோடிட்டிருந்தேன்.

உமா சொன்ன பேப்பர் அதுதான்.

5

சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டு முதலில் தேவசகாயம் சாரைக் கூப்பிட்டேன். நடுநிலைச் சாட்சியிடமிருந்து தொடங்குவது முறை. ஊரில் அப்போது மாலை.

"சொல்லுங்க தம்பி. சாயங்கால ஆராதனைக்குக் கெளம்பிக்கிட்டு இருக்கேன்."

"சார், கூட்டத்தோட தகராறு தீர்ந்துச்சுன்னு சொன்னீங்கல்லா?"

"நீங்க அப்படித்தான கேட்டீங்க? 'தகராறு எப்படித் தீர்ந்துச்சு'ன்னு அவ்வளவு தூரத்துல இருந்து வந்து ஒருத்தர் கேக்காரு. தீரலைன்னு மூஞ்சில அடிச்ச மாதிரிச் சொல்ல முடியுமா?"

"மூணு பேரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னீங்களே சார்."

"சொதிச் சாப்பாட்டுல வச்சுப் பேசிக்கிட்டோம்லா. பையன் இந்த வயசுல படிக்கான், ஆளுக்கு ஒண்ணு சொல்லிக் கொழப்பிரக் கூடாதுன்னு உங்க அண்ணாச்சி சொன்னாவ. எனக்கும் அது சரின்னு பட்டுச்சு. நீங்களும் அங்கனதான தம்பி நின்னீங்க. எனக்கு ரெண்டு தடவை வறுவல் வச்சீங்க."

வைத்தேன். மூவரும் தலையைக் குனிந்து பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இஞ்சித் துவையல் காரம் என்று நினைத்தேன்.

"நீங்க நடுநிலைச் சாட்சி சார்" என்றேன்.

"நடுநிலைதான். ரெண்டு வீட்டு விசேஷத்துக்கும் எனக்குப் பத்திரிகை வரும்."

"எங்க அக்கா வயலுக்குத் தண்ணி போகுதா சார்?"

"அதை உங்க அக்காகிட்டல்லா கேக்கணும்" என்றார். நியாயமான மனிதர்.

அக்காவைக் கூப்பிட்டேன். அத்தான் காலமான பிறகு அவளே ஆள் வைத்து வயலைப் பார்க்கிறாள். ஊருக்குப் போனால் நான் தங்குவது அவள் வீட்டில்தான்.

"என்னலே, சொதி வச்சியா?"

"வச்சேன்க்கா. நாத்து காஞ்சுட்டுதாமே. நீ ஏன் என்கிட்டச் சொல்லல?"

"நீ கேட்டியா? ரெண்டு வாரம் என் வீட்டுலதான் தின்ன. மைக்கைத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவாப் போன. வந்து படுத்த. நானா வாயைத் தொறந்து, 'தண்ணி விஷயம் எங்கிட்டக் கேளுலே'ன்னு சொன்னதுக்கு என்ன சொன்ன? 'நீ சொன்னா செல்லாதுக்கா'ன்ன."

அப்படித்தான் சொன்னேன். சார்பு பற்றி அவளுக்கு ஒரு சின்ன விளக்கமும் கொடுத்தேன். அவள் போட்ட தோசையைத் தின்றுகொண்டே.

"இப்பச் சொல்லுக்கா."

"மூணு நாள் தண்ணிங்கது பேச்சுக்குத்தான். நாலு நாள் காஞ்சு கெடந்த வாய்க்கா. அது நனைஞ்சு எங்க மடைக்குத் தண்ணி வந்து சேரவே ரெண்டு நாள் ஆயிருது. மூணாம் நாள் பாயுது, அன்னைக்குச் சாயங்காலமே அடைச்சிருதாவ. நான் ஒண்ணும் கூடுதலாக் கேக்கல. வாரத்துக்கு மூணு நாளா வேண்டாம், ரெண்டு வாரத்துக்கு ஒருக்க ஆறு நாளாச் சேத்து விடுங்கன்னுதான் மனு குடுத்திருக்கேன். பங்கு அதேதான். வாய்க்கா ஒருக்க நனைஞ்சாப் போதும்லா."

"சங்கத்துல என்ன சொல்லுதாவ?"

"அதான் தீந்துபோச்சே, அமெரிக்காவுல இருந்து எழுதியே வந்தாச்சேங்காவ."

"இது நெதர்லாந்துக்கா."

"எதுவா இருந்தா என்னலே. இந்தத் தடவை தண்ணி வந்தாத்தான் மறுபடி வெதை பாவி நட முடியும். இல்லேன்னா இந்தப் பிசான வெள்ளாமை எனக்கு இல்ல. நீ வேற தாள் எழுது. தகராறு தீரலன்னு எழுதி அதே முத்திரையைக் குத்தி அனுப்பு."

இங்கேதான் நான் நானாக நடந்துகொண்டேன். "அப்படியும் எழுத முடியாதுக்கா. கடைமடையில மத்தவங்களையும் விசாரிக்கணும். நீ ஒருத்தி சொல்லி நான் எழுதினா, மூணு பேரு சொல்லி எழுதின மாதிரித்தான் இதுவும்."

சாணைக்கல்லில் தீட்டின மாதிரிக் குரல் வந்தது. "வயல் என்னுது. காஞ்சது என்னுது. ஒன் கூடப் பொறந்தவ சொல்லுதேன். நீ விசாரி" என்று வைத்துவிட்டாள்.

கடைசியாக அண்ணாச்சி.

"ஏலே மணி, ஒனக்கு நூறு ஆயுசு. இப்பத்தான் உன் தாளை லேமினேட் பண்ணிக் கொண்டாந்தேன். பளபளன்னு இருக்கு."

"அண்ணாச்சி, செவ்வாய்க்கிழமை அதைக் காட்டாதீங்க."

"ஏன், எழுத்துப்பிழை கெடக்கா?"

"அது ஒத்திகைதான் அண்ணாச்சி. ஆராய்ச்சியே இன்னும் ஆரம்பிக்கலை."

"ஆரம்பிக்கலையா? தொண்டை வத்தப் பேசினேனேலே."

"கடைமடைக்காரங்க யாரையும் நான் கேக்கலை."

"சம்பந்தி கடைமடைதான? அவுகளைக் கேட்டேல்லா?"

"அவுக வயலைக் குத்தகைக்கு விட்டுட்டு அம்பாசமுத்திரத்துல கடை வச்சு எத்தனையோ வருஷமாச்சு. கல்யாணத்துல அவுகளே என்கிட்டச் சொன்னாவ." சொல்லும்போதே எனக்கு உறைத்தது. அந்தத் தகவல் எனக்குத் தெரிந்திருந்தது. வறுவல் வைக்கும்போது சொன்னது என்பதால் அதைத் தரவாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அண்ணாச்சி கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "நான் சொல்லுததைப் பைய கேளு" என்றார். "வாழை வச்சவனும் நம்ம ஆளுதான். எட்டு நாள் விட்டு ஆறு நாள் வாய்க்காலை அடைச்சா, குலை தள்ளுன மரம் சாஞ்சிரும்னு அவன் பயப்படுதான். முறையை இன்னொருக்கப் பிரிச்சா இன்னொருக்க மம்பட்டியைத் தூக்குவானுவ. அன்னைக்கு ஒவ்வொருத்தன் கையையும் பிடிச்சு உக்கார வச்சவன் நான். நீ அங்கன உக்காந்துக்கிட்டு ஒரு தாளு அனுப்புன. ஊரு முழுக்கக் காட்டினேன், என் தம்பி எழுதினதுன்னு. இப்ப இல்லைன்னு ஒரு தாளு அனுப்புவ. நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிக்க?"

"கோமதியக்காவுக்கு இந்த வெள்ளாமை போயிரும் அண்ணாச்சி."

"போகும்தான். அதுக்கு நெல்லு நான் குடுக்கேன், அவளுக்குத் தெரியும். வாங்கமாட்டா." மூச்சு விட்டார். "அனுப்புததுன்னா அனுப்பு. நான் தடுக்கல. அதுக்கப்புறம் கேள்வி கேக்கேன்னு இங்கன வராத. சங்கத்துல ஒருத்தன் வாய் தொறக்கமாட்டான்."

சங்கம் வாய் திறக்காவிட்டால் என் நேர்வு இல்லை. நேர்வு இல்லாவிட்டால் இரண்டு வருட வடிவமைப்பு இல்லை. புதன்கிழமை அதைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக் குழுவின் முன் வைக்க வேண்டும்.

6

மாலை ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. மேசையில் உட்கார்ந்து, தொழிற்சாலையில் கெட்டுப்போன தொகுதியைப் பிரித்துப் பார்ப்பது போல என் வடிவமைப்பைப் பிரித்தேன். விடையைக் கேள்விக்குள் வைத்துவிட்டேன். கடைமடை காய்ந்த காலத்தை எல்லைக்கு வெளியே தள்ளிவிட்டேன். தனித்தனி என்று நான் எண்ணிய மூன்று குரலும் ஒரே பந்தியில் எழுந்தவை. 'வேறு விளக்கங்கள்' என்ற கட்டத்தில் 'நல்ல தலைமை' என்று ஒன்றே ஒன்று எழுதியிருந்தேன். அதைச் சொன்னவர் தலைவர். பாலாடைக்கட்டியில் இவ்வளவு ஓட்டை இருந்தால் அதற்கு ஒரு ரகப் பெயராவது வைத்து விற்கலாம்.

சங்கத்தார் பொய் சொன்னார்கள் என்று எழுதினால் அதுவும் தப்பு. அவர்கள் என்னை ஆராய்ச்சியாளனாகப் பார்க்கவே இல்லை. விசேஷ வீட்டுக்கு வந்த பிள்ளை ஏதோ கேட்கிறான், வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று எடுத்துக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான் கொடுப்பார்கள். இது எனக்குத் தெரியாதா? நெதர்லாந்துக்காரர் ஒருவர் போய்க் கேட்டிருந்தால்கூட, உபசாரம் எது உண்மை எது என்று ஒரு தரமாவது சந்தேகப்பட்டிருப்பார். ஊர்க்காரன் என்ற தகுதியை முன்வரைவில் என் பலமாக எழுதியிருந்தேன்.

உமாவின் அறைக் கதவைத் தட்டினேன். அத்தையின் குரல் பதிவுகளைக் கேட்க வேண்டும் என்றேன்.

"அத்தைகிட்டக் கேட்டுட்டுத்தான் தருவேன். அது எனக்கு அனுப்பினது" என்றாள்.

"நான் அவங்க தம்பி."

"தெரியும்ப்பா. இருந்தாலும் கேக்கணும்லா."

முன்அனுமதி பற்றி நான் எழுதியிருக்கும் பதினொரு பக்கத்தின் சாரம் அதுதான். கதவு மூடியது. பிள்ளைகள் இங்கே வளர்ந்து நம்மை விட்டு விலகிப் போகிறார்கள் என்று இதே குறிப்புகளில் முன்பு இரண்டு மூன்று தடவை புலம்பியிருக்கிறேன். விலகித்தான் போயிருக்கிறாள். என் அக்கா வீட்டுப் பக்கமாக, என்னை விட்டுவிட்டு.

பிறகு எழுதினேன். முத்திரைத் தாளில், அடிக்கோடு எதுவும் இல்லாமல்:

'ஆகஸ்டில் நான் அனுப்பிய ஒரு பக்கக் குறிப்பு ஆய்வின் முடிவு அல்ல. அதில் இடம்பெற்ற மூவரும் முன்பே தமக்குள் கலந்து பேசியவர்கள் என்பது எனக்கு இப்போதுதான் தெரியவந்தது. கடைமடையில் இன்று பயிர் செய்பவர் யாரையும் நான் கேட்கவில்லை. ஆகவே தகராறு தீர்ந்துவிட்டது என்பதற்கு அந்தக் குறிப்பைச் சான்றாகக் கொள்ளக்கூடாது. தீரவில்லை என்பதற்கும் இந்தத் தாள் சான்று அல்ல; வாய்க்காலில் போய்ப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.'

செல்வி பணி முடிந்து வந்து, ஆறிப்போன சொதியைச் சூடாக்காமலே ஊற்றிக்கொண்டு படித்தாள்.

"இதுல உங்க அக்காவுக்கு என்ன இருக்கு?"

"அவ மனு பிழைச்சுக்கிடும். இன்ஜினியர் போய்ப் பார்ப்பார்."

"அண்ணாச்சிக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"உங்களுக்கு?"

"நடுநிலை" என்றேன். "ரெண்டு பேரும் என்கூடப் பேசமாட்டாங்க."

அவள் சிரிக்கவில்லை. "எலுமிச்சை கூடிப்போச்சு" என்று மட்டும் சொன்னாள். நான் சிரித்தேன்; பிறகு அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று தெரிந்து நிறுத்தினேன். அண்ணாச்சி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் திரும்பி வருகிற ஒரு நாள் என் மனதில் வந்துபோனது. காய்ந்த நாற்றங்காலும் வந்தது. அது போகவில்லை.

அப்போதே அனுப்பியிருக்கலாம். ஊரில் படுத்திருப்பார்கள். கண் விழித்ததும் இதன் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் இன்னும் ஒரு இரவு அண்ணாச்சிக்குத் தம்பியாக இருக்க ஆசைப்பட்டேன். புதன்கிழமைக் குழுவுக்கு வரமாட்டேன், வடிவமைப்பைத் திரும்பப் போட வேண்டும் என்று வழிகாட்டிக்கு எழுதினேன். அந்தக் கடிதத்தில் முதல் முறையாக 'நீ' போட்டேன். தப்பை ஒப்புக்கொள்ளும்போது யாரையும் குறிக்காத வாக்கியம் ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கிறது.

திங்கட்கிழமை காலை எழுந்ததும், பல் துலக்குவதற்கும் முன்பு, தாளில் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து அண்ணாச்சிக்கு அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டார் என்று தெரியும்வரை கைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். பதில் வரவில்லை. அதன் பிறகு அதே படத்தை அக்காவுக்கு அனுப்பினேன்.